வைண்டரில் வைத்தும் வாட்ச் நின்றுபோகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடியுங்கள்

ராத்திரி முழுக்க வைண்டரில், அதாவது வாட்சைச் சுழற்றிச் சாவி ஏற்றும் பெட்டியில், சுற்றிய ஆட்டோமேட்டிக் வாட்சைக் காலையில் எடுத்துப் பார்த்தால் மூன்றே காலுக்கே நின்றிருக்கிறது. உடனே பலரும் செய்வது, வைண்டர் ஒரு நாளைக்குச் சுற்றும் சுற்று எண்ணிக்கையை இருக்கிற உச்சத்துக்கு ஏற்றிவிடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோளாறு வாட்சில் இருந்தால் அது இன்னும் வேகமாகத் தேயும். வைண்டரில் இருந்தால் பெரும்பாலும் எண்ணிக்கையை ஏற்றுவதால் ஒன்றும் மாறாது, ஏனென்றால் தவறு திசையிலோ, வாட்ச் உட்கார்ந்திருக்கும் விதத்திலோ, அல்லது முதலில் சாவி கொடுக்காமலே உள்ளே வைத்ததிலோ இருக்கும்.

வைண்டர் செய்கிற வேலை ரொம்ப எளியது. வாட்சுக்குள் ரோட்டர் என்ற அரைவட்ட எடை ஒன்று இருக்கிறது. வாட்ச் சுற்றும்போது அந்த எடை பூமியின் ஈர்ப்பால் கீழேயே தொங்கி நிற்கப் பார்க்கும். வாட்ச் சுற்ற, ரோட்டர் நிற்க, இரண்டுக்கும் இடையிலான அந்த வித்தியாசம்தான் சக்கரங்கள் வழியாகப் போய் வாட்சை ஓட்டும் மெயின்ஸ்பிரிங் என்ற சுருள்வில்லை முறுக்குகிறது. கையில் கட்டியிருக்கும்போது நடப்பதும் இதேதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் பாதிப் பழுதுகளை நீங்களே ஊகித்துவிடலாம்.

எதற்கும் முன்னால் ஒரு சோதனை

கோளாறு வாட்சிலா வைண்டரிலா என்பதைப் பிரித்துவிட வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வாட்சை வைண்டரிலிருந்து எடுத்து, கிரவுனை, அதாவது பக்கவாட்டில் இருக்கும் குமிழை, திருகிக் கையாலேயே முழுச் சாவி கொடுங்கள். வாட்சுக்குள் இருக்கும் இயந்திரம் சீகோ 4ஆர்36, என்எச்35 வகை என்றால் சுமார் 55 சுற்று. ஈடிஏ 2824 வகை என்றால் 30 முதல் 40 சுற்று போதும். அப்புறம் டயல் மேலே பார்க்கும்படி மேஜையில் வைத்துவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு, நிற்கும்வரை தொடாதீர்கள். 2824-2 என்றால் 38 மணி நேரம் ஓட வேண்டும், 4ஆர்36 என்றால் 41, மியோட்டா 8215 என்றால் 42, சீகோ 6ஆர்35 என்றால் 70, பவர்மேட்டிக் 80 என்றால் பெயரிலேயே இருக்கிற 80. இதற்குப் பக்கத்தில் வந்தால் வாட்சின் ஸ்பிரிங்கும் மற்ற சக்கரங்களும் நலமாக இருக்கின்றன. 20 மணி நேரத்திலேயே நின்றுவிட்டால் வைண்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, வாட்சுக்கு சர்வீஸ் வேண்டும்.

கையால் சாவி கொடுக்கவே முடியாத வாட்சுகள் உண்டு. பழைய சீகோ 5, எஸ்கேஎக்ஸ்007 இவற்றில் இருக்கும் 7எஸ்26 அப்படித்தான், கிரவுனை எத்தனை சுற்று திருகினாலும் ஸ்பிரிங் முறுக்காது. அதற்கு வாட்சைத் தட்டையாகப் பிடித்துப் பக்கவாட்டில் அரை நிமிடம் ஆட்டினால் ஓட ஆரம்பிக்கும், ஆனால் முழுச் சாவி ஏறாது. ஒரு நாள் முழுக்கக் கையில் கட்டி நன்றாக நடமாடிவிட்டு, இரவு கழற்றும்போது கணக்கை ஆரம்பியுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா, பைலட் போன்றவை சாவி கொடுக்கும் வாட்சுகள், உள்ளே ரோட்டரே கிடையாது. வைண்டரில் ஒரு வருஷம் சுற்றினாலும் ஓடாது. பேட்டரி வாட்சும் அப்படியே. டயலில் ஆட்டோமேட்டிக் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், எழுதியிருக்காவிட்டால் வாட்சைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் எடை உருள்கிற சத்தம் கேட்கும்.

அறிகுறி: வைண்டரில் ஓரிரு நாளில் நின்றுவிடுகிறது, கையில் கட்டினால் ஓடுகிறது

அதிகம் கேட்கப்படுவது இதுதான், காரணங்களும் இதற்குத்தான் அதிகம்.

நின்றுபோன வாட்சை அப்படியே வைண்டரில் மாட்டினீர்களா? வைண்டர் என்பது ஏறியிருக்கும் சாவியை இறங்காமல் பார்த்துக்கொள்ளும் கருவி. காலியாக இருக்கும் ஸ்பிரிங்கை அது முழுசாக ஏற்றும் என்று எதிர்பார்க்கக்கூடாது, பல வைண்டர்கள் சற்று ஓடி நடுநடுவே ஓயும், அந்த ஓய்வு நேரம் அதற்கு இடம் கொடுக்காது. முதலில் கையால் 20, 30 சுற்று சாவி கொடுத்துவிட்டு மாட்டுங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது திசை. சில வாட்சுகளில் ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் சாவி ஏறும்: ஈடிஏ 2824, 2892, சீகோ 7எஸ்26, 4ஆர்36 எல்லாம் இந்த வகை. சீகோ 1959இல் கொண்டுவந்த மேஜிக் லீவர் என்ற சின்ன அமைப்பின் வேலையே ரோட்டரின் இரண்டு பக்கச் சுற்றையும் சாவியாக மாற்றுவதுதான். ஆனால் வால்ஷூ 7750, மியோட்டா 8215, 9015 போன்றவை ஒரு பக்கம் சுற்றினால் மட்டுமே ஏறும். மறுபக்கம் ரோட்டர் சும்மா உருளும். இப்போது கணக்குப் பாருங்கள். 7750க்கு ஒரு நாளைக்கு 800 சுற்று தேவை என்று பொதுவாகச் சொல்வார்கள். நீங்கள் வைண்டரை 650, இரண்டு திசையும் மாறி மாறி என்று வைத்திருந்தால், அந்த வாட்சுக்குப் பயன்படுவது 325 சுற்றுதான். நிற்காமல் என்ன செய்யும்?

திசை தெரியவில்லை என்றால் கண்டுபிடிக்கலாம். வாட்சை முழுசாக நிற்க விடுங்கள். வைண்டரில் ஒரே திசை என்று வைத்து மூன்று மணி நேரம் சுற்றவிட்டு, எடுத்து மேஜையில் வைத்து எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று குறியுங்கள். திரும்ப நிற்க விட்டு, மறுதிசையில் அதே மூன்று மணி நேரம். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஓடினால் இருபக்க வாட்ச். ஒன்றில் பல மணி நேரமும் இன்னொன்றில் சில நிமிடமும் என்றால் ஒருபக்க வாட்ச், எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிட்டது. இதை ஒரு காகிதத்தில் எழுதி வைண்டர் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள், ஆறு மாதம் கழித்து நினைவிருக்காது.

வலச்சுற்று, இடச்சுற்று என்பதில் ஒரு குழப்பம் வரும். வைண்டரில் எழுதியிருப்பது பெரும்பாலும் டயல் பக்கமிருந்து பார்க்கிற திசை. வாட்ச் பழுது பார்ப்பவர்கள் பேசுவதோ பின்மூடியைத் திறந்து ரோட்டரைப் பார்க்கிற திசை. நல்ல வேளையாக இரண்டும் ஒத்துப்போகின்றன: டயல் பக்கம் நின்று பார்க்கும்போது வாட்ச் வலமாகச் சுற்றினால், கீழேயே தொங்கி நிற்கும் ரோட்டர், பின்பக்கக் கண்ணாடி வழியே பார்ப்பவருக்கு, வாட்சைப் பொறுத்தவரை வலமாகவே சுற்றும். அதனால் மெக்கானிக் வலம் என்றால் வைண்டரிலும் வலம் என்றே வைக்கலாம். சந்தேகமாக இருந்தால் மேலே சொன்ன மூன்று மணி நேரச் சோதனைதான் கடைசித் தீர்ப்பு.

மூன்றாவது, வைண்டர் சாய்ந்திருக்கிறதா. அலமாரியில் இடமில்லை என்று வைண்டரை மல்லாக்கப் படுக்க வைத்துவிடுகிறார்கள், டயல் கூரையைப் பார்த்தபடி. அப்போது ரோட்டரை எந்தப் பக்கமும் இழுக்க ஈர்ப்பு இல்லை. வாட்சோடு சேர்ந்து அதுவும் சுற்றிக்கொண்டே இருக்கும், சாவி ஏறவே ஏறாது. டயல் சுவரைப் பார்த்தபடி நிமிர்ந்தோ, நன்றாகச் சரிந்தோ இருக்க வேண்டும்.

நான்காவது, வைண்டருக்குள் வாட்சைக் கட்டி வைக்கும் தலையணையில் அது தளர்வாக இருக்கிறதா. செயின் கட்டிய கனமான வாட்ச் தளர்வாக உட்கார்ந்தால் தலையணை சுற்றும், வாட்ச் வழுக்கிக்கொண்டு அதே இடத்தில் தொங்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சுற்றுவது போலவே தெரியும். பன்னிரண்டு மணிக் குறி மேலே இருக்கும்போது கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, ஒரு சுற்று முடிந்ததும் அது திரும்ப அதே இடத்துக்கு வருகிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் நின்றால்தான் சுற்று எண்ணிக்கையைத் தொட வேண்டும். அதையும் 650இலிருந்து 750, 750இலிருந்து 850 என்று, ஒவ்வொரு படியிலும் இரண்டு நாள் விட்டு.

அறிகுறி: வைண்டரில் நன்றாக ஓடுகிறது, வெளியே எடுத்து வைத்தால் சில மணி நேரத்தில் நிற்கிறது

அதாவது வாட்ச் விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. கிடைக்கிற சாவி அன்றாடச் செலவுக்குச் சரியாக இருக்கிறது, சேமிப்பு எதுவும் இல்லை. கையால் முழுச் சாவி கொடுத்த சோதனையில் 38, 40 மணி நேரம் ஓடிய வாட்ச் என்றால் வைண்டர் தருவது போதவில்லை, முந்தைய பகுதியில் சொன்ன வரிசையில் தேடுங்கள்.

கையால் கொடுத்தபோதே குறைவாக ஓடியது என்றால் விஷயம் வேறு. ஆட்டோமேட்டிக் வாட்சின் மெயின்ஸ்பிரிங்குக்கு வெளிமுனையில் கொக்கி கிடையாது. முழுசாக முறுக்கியதும் அது தான் அடங்கியிருக்கும் டிரம்மின் சுவரில் வழுக்கிக்கொண்டு நகரும்படி செய்திருப்பார்கள், ஆட்ரியன் ஃபிலிப் 1863இல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. அதனால்தான் ஆட்டோமேட்டிக் வாட்சில் சாவி அதிகமாகிவிடும் என்ற பயம் வேண்டியதில்லை. அந்த வழுக்கலைக் கட்டுப்படுத்த டிரம் சுவரில் தனியாக ஒரு கிரீஸ் தடவுவார்கள். வருஷங்கள் போய் அது காய்ந்தாலோ, சுவர் தேய்ந்தாலோ, ஸ்பிரிங் பாதி முறுக்கும்போதே வழுக்க ஆரம்பிக்கும். நீங்கள் 2000 சுற்று கொடுத்தாலும் பாதிக்கு மேல் ஏறாது. இதைச் சரிசெய்ய டிரம்மைத் திறந்தே ஆக வேண்டும்.

அறிகுறி: கையால் சாவி கொடுக்கும்போது ரோட்டர் மின்விசிறி போலச் சுற்றுகிறது

பின்பக்கம் கண்ணாடி இருந்தால் கண்ணால் பார்க்கலாம், இல்லையென்றால் விரலில் அதிர்வு தெரியும். ஈடிஏ 2824 வகையிலும் அதன் நகல்களிலும் அடிக்கடி வருவது. ரோட்டருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இருக்கும் திசைமாற்றிச் சக்கரங்கள் அழுக்கேறியோ எண்ணெய் காய்ந்தோ சிக்கிக்கொள்கின்றன, அதனால் கிரவுனைத் திருகும் விசை தலைகீழாகப் போய் ரோட்டரைச் சுழற்றுகிறது. இந்த நிலையில் கையால் சாவி கொடுப்பதை நிறுத்துங்கள், வைண்டரிலும் வைக்காதீர்கள். அந்தச் சின்னப் பற்கள் உடைந்தால் செலவு பல மடங்கு. சக்கரங்களைக் கழுவி அதற்கென்று இருக்கும் எண்ணெயில் நனைத்து உலர்த்திப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் அது வாட்ச் மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை.

அறிகுறி: திடீரென்று வேகமாக ஓடுகிறது

நாளுக்குச் சில விநாடி கூடினால் கவலைப்படாதீர்கள். 4ஆர்36க்கு சீகோ சொல்லும் எல்லையே நாளுக்கு 45 விநாடி வேகம் முதல் 35 விநாடி மெதுவரை. தவிர, கையில் இருக்கும்போது வாட்ச் பல நிலைகளில் புரளும். வைண்டரிலோ நாள் முழுக்க நின்ற நிலைதான். அதனால் கையில் ஓடுவதற்கும் வைண்டரில் ஓடுவதற்கும் சில விநாடி வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

ஆனால் நேற்றுவரை சரியாக ஓடியது இன்று நாளுக்குப் பல நிமிடம் முந்துகிறது என்றால் முதல் சந்தேகம் காந்தம். வாட்சின் இதயத்தில் இருக்கிற ஹேர்ஸ்பிரிங் தலைமுடியைப் போல மெல்லியது. அதில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தது போலாகி வேகம் எகிறும். வைண்டரிலும் காந்தம் உண்டு: மோட்டாருக்குள்ளே ஒன்று, சில பெட்டிகளின் மூடியில் இன்னொன்று. காந்த எதிர்ப்பு வாட்சுக்கான ஐஎஸ்ஓ 764 தரம் கேட்பது மீட்டருக்கு 4,800 ஆம்பியர் வலிமையைத் தாங்குவதைத்தான், ஒரு டேப்லெட் உறையின் காந்தம் மிக அருகில் இதைத் தாண்டிவிடும். ஆகவே வைண்டரை மட்டும் குற்றவாளியாக்காமல், ராத்திரி வாட்சைக் கழற்றி எங்கே வைக்கிறீர்கள் என்றும் யோசியுங்கள்.

கண்டுபிடிக்க ஒரு சாதாரணத் திசைகாட்டி போதும், ஊசி வைத்தது. மேஜையில் திசைகாட்டியை வைத்து, வாட்சை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுபோய், ஓரமாகச் சுற்றிக் காட்டுங்கள். ஊசி பிடிவாதமாக வாட்சோடு சேர்ந்து திரும்பினால் காந்தம் ஏறியிருக்கிறது. இரும்பு பாகங்களுக்கே ஊசி லேசாக ஆடும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதே திசைகாட்டியை வாட்ச் இல்லாத வைண்டரின் தலையணைக்கு மேலும் பிடித்துப் பாருங்கள். மோட்டார் ஓடும்போது ஊசி அங்கேயே துடித்தால் அந்த வைண்டரில் மோட்டார் ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது.

காந்தம் எடுக்கும் கருவி விலை குறைவானதுதான், நீல நிறப் பெட்டியாக விற்கிறார்கள். வாட்சை அதன்மேல் வைத்து, பொத்தானை அழுத்தி, அழுத்தியபடியே வாட்சை மெதுவாக நேர் மேலே ஒரு முழம் தூக்கி, அப்புறம்தான் பொத்தானை விட வேண்டும். வாட்ச் பக்கத்தில் இருக்கும்போதே பொத்தானை விட்டால் காந்தத்தை இன்னும் ஏற்றிவிடுவீர்கள். பொத்தானை நெடுநேரம் அழுத்தாதீர்கள், சூடேறும். கருவி வாங்க விருப்பமில்லை என்றால் எந்த வாட்ச் கடையிலும் இரண்டு நிமிட வேலை.

அறிகுறி: வைண்டரில் விநாடி முள் நின்று நின்று துள்ளுகிறது

மியோட்டா 8200 வகை என்றால் விட்டுவிடுங்கள், பழுதில்லை. அதில் நடு விநாடி முள்ளுக்கு நேரடி இயக்கம் கிடையாது, ஒரு மெல்லிய ஸ்பிரிங்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது, வாட்ச் அசையும்போது முள் ஒரு கணம் தயங்கி அப்புறம் தாவும். நேரம் கெடாது. மற்ற வகைகளில் இப்படி வந்தால், கூடவே நேரமும் தவறினால், காட்டிவிடுங்கள்.

அறிகுறி: சத்தம்

வாட்சை எடுத்துவிட்டுக் காலி வைண்டரை ஓடவிடுங்கள். சத்தம் போய்விட்டால் அது ரோட்டர் சத்தம். ஒருபக்க வாட்சுகளில், முக்கியமாக 7750இலும் மியோட்டாவிலும், ரோட்டர் சும்மா உருளும் பக்கம் சர்ரென்ற ஒலி சகஜம். வைண்டரில் திசையைச் சரியாக வைத்தால் அதுவே பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் உலோகம் உரசுகிற கரகரப்பு என்றால் ரோட்டரின் அச்சு தளர்ந்து எடை பின்மூடியில் உரசுகிறது, ஓடவிடாதீர்கள்.

காலியாக ஓடும்போதும் சத்தம் வந்தால் வைண்டரில். தலையணை விளிம்பு பெட்டியில் உரசுகிறதா, ரப்பர் பெல்ட் விறைத்துவிட்டதா, பற்சக்கரம் காய்ந்துவிட்டதா என்று இந்த வரிசையில் பாருங்கள். படுக்கை அறையில் மர அலமாரிமேல் வைத்தால் சின்ன மோட்டார் ஒலியைக்கூட அந்தப் பலகை பெரிதாக்கும்; அடியில் ஒரு தடித்த ரப்பர் விரிப்புப் போட்டுப் பாருங்கள், வேறு எதுவும் தேவைப்படாமல் போகலாம். உள்ளே பிளாஸ்டிக் சக்கரம் என்றால் சிலிகான் கிரீஸ் துளியூண்டு. தையல் மிஷின் எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வேண்டவே வேண்டாம். தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்து பிசுக்காகும், மற்றது பெல்ட்டுக்கு வழிந்து வழுக்க வைக்கும்.

அறிகுறி: வைண்டரே சுற்றவில்லை

முதலில் பத்து நிமிடம் காத்திருங்கள். ஓய்வு நேரத்தில் இருக்கலாம். ராத்திரி மட்டும் சுற்றவில்லை என்றால் பாதி நாள் ஓடிப் பாதி நாள் ஓயும் முறையில் வைத்திருப்பீர்கள்.

கரண்ட் போய் வந்தபின் சுற்றவில்லையா? பல மலிவு வைண்டர்கள் மின்சாரம் திரும்பினாலும் தானாக ஆரம்பிக்காது, பொத்தானை அழுத்த வேண்டும். சில தானாக ஆரம்பித்தாலும் நீங்கள் வைத்த திசையை மறந்து பழைய அமைப்புக்குப் போய்விடும். மின்வெட்டு உள்ள ஊரில் இருப்பவர்கள் வாங்கும்போதே இதைக் கேளுங்கள். சுழற்றி வைக்கும் குமிழ் சுவிட்ச் உள்ளவை வைத்த இடத்திலேயே நிற்பதால் இந்தத் தொல்லை குறைவு.

பவர்பேங்கில் மாட்டியிருக்கிறீர்களா? வைண்டர் ஓய்வில் இருக்கும்போது இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். எதுவும் மாட்டவில்லை என்று நினைத்து பவர்பேங்க் தானாக அணைந்துவிடும், அடுத்த சுற்று வரவே வராது. சாதாரண யூஎஸ்பி சார்ஜரில் போடுங்கள்.

அடாப்டர் மாறிவிட்டதா என்றும் பாருங்கள். வைண்டர்கள் 3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று பல வகை, ஊசியின் அளவு ஒன்றாக இருப்பதால் வீட்டிலிருக்கும் மோடம் அடாப்டர் கச்சிதமாகப் பொருந்திவிடும், போர்டு கருகிவிடும். அடியில் அச்சடித்திருக்கும் வோல்டேஜையும், உள்முனை கூட்டலா கழித்தலா என்று காட்டும் சின்னப் படத்தையும் ஒப்பிட்டுவிட்டு மாட்டுங்கள்.

காலியாகச் சுற்றுகிறது, வாட்ச் வைத்தால் நிற்கிறது என்றால் எடை ஒரு பக்கமாக இருக்கிறது. வாட்ச் நடு அச்சில் உட்காரவில்லை. நகர்த்தி நடுவில் வைத்துப் பாருங்கள்.

அறிகுறி: தலையணை பொருந்தவில்லை

நம்மில் பலருடைய மணிக்கட்டு 6, 6½ அங்குலம்தான். தலையணைகளோ அதைவிடப் பெரிய கைக்குச் செய்தவை. செயினைப் பிடித்து இழுத்துக் கொக்கியை மாட்டினால் இணைப்பு ஊசிகளில் எப்போதும் இழுவை இருக்கும், தோல் ஸ்ட்ராப் என்றால் ஒரே துளை நீண்டு கிழியும். ஸ்பான்ஜ் தலையணையைக் கத்தரிக்கோலால் உட்பக்கமாகக் குறைக்கலாம். நடுவில் ஸ்பிரிங் வைத்து அழுத்தினால் சுருங்கும் வகை கிடைத்தால் அதுவே மேல். தளர்வாக இருந்தால் கண்ணாடி துடைக்கும் துணியைச் சுற்றுங்கள், டேப் ஒட்டாதீர்கள், பசை செயினுக்குள் போகும்.

அறிகுறி: ஸ்ட்ராப்பில் பூஞ்சை, பெட்டியில் வாடை

கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் வரும். வியர்வையோடு கழற்றிய தோல் ஸ்ட்ராப்பை மூடிய பெட்டிக்குள் சுற்றவிட்டால் வேறென்ன ஆகும். துடைத்து, ஒரு மணி நேரம் வெளியே ஆறவிட்டு, அப்புறம் உள்ளே வையுங்கள். சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு மாதா மாதம் மாற்றுங்கள். கண்ணாடிக்கு உள்பக்கம் நீராவி படிந்திருந்தால் அது வேறு விஷயம். கிரவுனைச் சரியாகத் திருகி மூடவில்லை, அல்லது ரப்பர் வளையம் போய்விட்டது. வைண்டரில் வைக்காமல் அன்றே கடைக்கு.

சுற்று எண்ணிக்கையை நம்பலாமா

பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் நீங்களே அளந்துவிடுங்கள். தலையணை ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டை ஒட்டி, ஒரு ஓட்டத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். ஒரு ஓட்டம் ஆரம்பித்து அடுத்த ஓட்டம் ஆரம்பிக்க எத்தனை நிமிடம் என்றும் பாருங்கள். உதாரணத்துக்கு, நிமிடத்துக்கு 10 சுற்று வீதம் 2 நிமிடம் ஓடி, 6 நிமிடம் ஓய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 நிமிடத்துக்கு 20 சுற்று. நாளுக்கு 1,440 நிமிடம், அதாவது 180 முறை, மொத்தம் 3,600 சுற்று. பெரும்பாலான வாட்சுகளுக்குத் தேவை 650 முதல் 800 வரைதான். பாதி நாள் ஓய்வு முறையில் போட்டால்கூட 1,800.

ஸ்பிரிங் அறுந்துவிடாது, மேலே சொன்ன வழுக்கல் காப்பாற்றும். ஆனால் ரோட்டரின் அச்சும் திசைமாற்றிச் சக்கரங்களும் டிரம் சுவரும் ஒன்றுக்கும் உதவாத வேலையை இரவு பகலாகச் செய்துகொண்டிருக்கும். முப்பது வருஷமாகத் திறந்தே பார்க்காத எச்.எம்.டி. காஞ்சனை (இது ஆட்டோமேட்டிக்) அன்போடு வைண்டரில் வைக்கிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: எண்ணெய் காய்ந்த வாட்சை ஓடவிடாமல் வைத்திருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. சர்வீஸ் செய்துவிட்டு ஓடவிடுங்கள். உதிரிபாகம் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் கடினமாகிறது.

வாங்கப் போகிறீர்கள் என்றால்

ஒரே ஒரு வாட்ச், தினமும் கட்டுகிறீர்கள் என்றால் வைண்டர் தேவையே இல்லை, அந்தக் காசைச் சர்வீஸுக்கு எடுத்து வையுங்கள். தேதி மட்டும் காட்டும் மூன்று நான்கு வாட்சை மாற்றி மாற்றிக் கட்டுகிறவருக்கும் அது வசதிதானே தவிர அவசியமில்லை. நின்ற வாட்சுக்கு நேரம் வைக்க ஒரு நிமிடம். இரவு 9 மணியிலிருந்து 3 மணிக்குள் முள் இருக்கும்போது தேதியை வேகமாக மாற்றக்கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். நிலவு நிலை, நிரந்தர நாள்காட்டி உள்ளவற்றுக்குத்தான் வைண்டர் உண்மையிலேயே தன் விலைக்கு வேலை செய்கிறது, அவற்றைத் திரும்ப வைப்பது சிரமம், தவறாக வைத்தால் ஆபத்தும்கூட.

வாங்குவதானால் நான் பார்ப்பது மூன்றுதான். வலம், இடம், இரண்டும் என்று திசை தேர்வு வேண்டும். சுற்று எண்ணிக்கை 650 அளவுக்குக் குறைக்க முடிய வேண்டும். இரண்டு தலை, நான்கு தலை வைண்டர் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பு வேண்டும், ஏனென்றால் ஒரு சீகோவையும் ஒரு 7750ஐயும் ஒரே அமைப்பில் சுற்றினால் இரண்டில் ஒன்றுக்கு அது பொருந்தாமல் போகலாம். மர வேலைப்பாடு, நீல விளக்கு, தொடுதிரை எல்லாம் அதற்கப்புறம்.

கடைக்குக் கொண்டுபோகும்போது

நின்றுபோகுது என்று மட்டும் சொல்லாதீர்கள். கையால் முழுச் சாவி கொடுத்தால் இத்தனை மணி நேரம் ஓடுகிறது, வலம் சுற்றினால் இவ்வளவு, இடம் சுற்றினால் இவ்வளவு, நாளுக்கு இத்தனை விநாடி வித்தியாசம், திசைகாட்டி ஊசி திரும்பியது அல்லது திரும்பவில்லை என்று எழுதிக் கொடுங்கள். நல்ல மெக்கானிக் அதைப் பார்த்தே திறக்க வேண்டிய இடத்தைச் சொல்லிவிடுவார். முழுச் சாவியில், வாட்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்து, முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் கட்டுப்படுத்தும் பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி வீசுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஈடிஏ வகையில் டயல் மேல்நோக்கி 270 டிகிரிக்கு மேல் இருந்தால் நன்று, 220க்குக் கீழே என்றால் சர்வீஸ் காலம் வந்துவிட்டது. சர்வீஸ் முடிந்து வந்ததும் நேராக வைண்டரில் மாட்டாமல், முழுச் சாவி கொடுத்து மேஜையில் வைத்து, நிற்கும்வரை ஒரு முறை ஓடவிட்டு மணி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பில்லோடு சேர்த்து அந்தக் கணக்கையும் பத்திரப்படுத்துங்கள், அடுத்த முறை நின்றால் ஒப்பிட அதுதான் வேண்டும்.